வண்டிக்கு ஒரே வயது இல்லை

பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைகளில் எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே ஜாதகம்தான் வாசிக்கப்படும். சிங்கிள் ஓனர். டாக்டர் வண்டி. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும் ஓடியது. மீட்டரைப் பாருங்க சார், நாற்பதாயிரம்கூடத் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் கைமாறும் பழைய கார்களைக் கணக்கெடுத்தால் நம் டாக்டர்கள் ஆளுக்குப் பத்துக் கார் வைத்திருந்திருக்க வேண்டும். போகட்டும். அந்த ஜாதகத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 2010-ல் செய்த ஒரு சான்ட்ரோ ஸிங். உண்மையிலேயே 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 15 ஆண்டுப் பதிவு முடிந்து, எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யையும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்தாகிவிட்டது. பணம் கொடுத்து வாங்கியும் ஆயிற்று. இதை நம்பி வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலை ஏறி இறங்கலாமா?

மீட்டரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு காரில் இருக்கும் ஆயிரக்கணக்கான பாகங்கள் ஒரே கடிகாரத்தின்படி மூப்படைவதில்லை. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வீல் பேரிங், டயரின் பட்டன் எல்லாம் ஓடிய தூரத்தில் தேய்பவை. ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில், கூலண்ட், பேட்டரி போன்றவை நாள்காட்டிக்குக் கட்டுப்பட்டவை. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் அவற்றுக்கு வயது ஏறும். மூன்றாவது கடிகாரம் அதிகம் பேசப்படாதது: என்ஜின் எத்தனை முறை சூடாகி எத்தனை முறை ஆறியது என்ற கணக்கு. ஹெட் கேஸ்கட், சைலன்சர், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றின் ஆயுளில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மீட்டர் காட்டுவது முதல் கடிகாரத்தை மட்டும்தான். விற்பவரும் அதைத்தான் காட்டுவார்.

டாக்டர் வண்டியின் பெருமையாகச் சொல்லப்படும் அந்தக் குறைந்த ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. என்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தால் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த என்ஜினில் அதில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே ஆயிலில் இறங்குகிறது. குளிர்ந்த என்ஜினுக்கு வண்டியின் கணினி கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் ஊட்டும். அதிலும் எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். அரை மணி நேரம் தொடர்ந்து ஓடும் வண்டியில் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆயில் சூட்டில் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. கார் நிறுவனங்கள் தரும் கையேடுகளைப் புரட்டினால், அடிக்கடி குறுந்தூரம் ஓட்டுவதைக் கடுமையான பயன்பாடு என்ற தலைப்பில், டாக்சி ஓட்டத்தோடும் புழுதிச் சாலையோடும் சேர்த்து வைத்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டர் வண்டியின் என்ஜின், தெருமுனை வரை மட்டும் போய்வந்த நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்ஜினைவிட ஆரோக்கியமாக இருப்பதில் வியப்பு ஏதும் இல்லை.

நாள்காட்டிக் கடிகாரத்தில் முதலில் நிற்பது ரப்பர். 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த வழியில், ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகத்தால் குறுக்குப் பாலங்கள் போட்டுத்தான் இன்றும் அதற்கு உறுதி தருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஆலையில் தொடங்கிய இந்த வேதிவினை அங்கேயே நின்றுவிடுவதில்லை. சூடும் ஆக்ஸிஜனும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் புதிய பாலங்களைப் போட்டுக்கொண்டும் பழைய சங்கிலிகளை அறுத்துக்கொண்டும் இருக்கின்றன. ரப்பர் இறுகி, வளையும் தன்மையை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. மூடிய பானட்டுக்குள் என்ஜினை ஒட்டிப் போகும் ஹோஸுக்கு நம் ஊர் மே மாதத்தில் என்ன நடக்கும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

டயருக்கு இன்னோர் எதிரி ஓசோன். காற்றில் மிகச் சொற்ப அளவே இருந்தாலும், இழுவையில் இருக்கும் ரப்பரைத் தேடிப்பிடித்து வெட்டும். அதைத் தடுக்க டயர்க் கலவையிலேயே மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து படலமாகப் படியும். நின்றே கிடக்கும் வண்டியில் இந்தக் கசிவு குறைந்துபோகிறது. பட்டன் புத்தம்புதிதாகத் தெரியும் டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடுவதற்குக் காரணம் இதுதான். டயரின் பிறந்த தேதியை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கங்களாக அச்சிடப்பட்டிருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ன் 23-வது வாரம். புது வண்டிப் பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போதே படித்துவிடலாம். பத்து ஆண்டு தாண்டியதென்றால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயர் கழிக்க வேண்டியதே. ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த முதல் ஸ்டெப்னி இன்னும் டிக்கியில் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

சான்ட்ரோவைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான ரப்பர் கண்ணுக்குத் தெரியாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. டைமிங் பெல்ட். கீழே கிராங்க் சுழல்வதற்கேற்ப மேலே வால்வுகள் திறந்து மூட வேண்டிய நேரத்தை இந்தப் பல் வைத்த பட்டைதான் கட்டிக்காக்கிறது. மாருதி 800-லும் பழைய ஆல்டோவிலும் இதே ஏற்பாடு, ஐ10-ன் 1.2 லிட்டர் கப்பா என்ஜினிலும் ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசலிலும் இந்த வேலையை இரும்புச் செயின் செய்கிறது. பல என்ஜின்களில் பிஸ்டன் மேலேறும் இடத்துக்கே வால்வும் வேறு நேரத்தில் இறங்கி வரும். பெல்ட் அறுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே சந்திக்கும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனே உடையும். அறுவதற்கு முன் பெல்ட் பெரும்பாலும் எந்தச் சத்தமும் போடாது. மாற்றும் காலத்தை நிறுவனங்கள் கிலோமீட்டராலும் ஆண்டாலும் குறிப்பிட்டு, எது முந்துகிறதோ அது என்று எழுதுவது வழக்கம். நம் டாக்டர் வண்டி கிலோமீட்டர் எல்லையைத் தொடவே இல்லை. ஆகவே யாருக்கும் நினைவு வரவில்லை. 15 ஆண்டு பழைய பெல்ட் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். டென்ஷனரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இனி கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது என்ஜினின் பாடு. இறங்குவது பிரேக்கின் பாடு. ஒரு டன் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 98 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சூடு அது. இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கி, அங்கிருந்து பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் கிளைக்கால் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூடியே இருந்தாலும் ரப்பர் ஹோஸின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் ஈரம் உள்ளே சேரும். டாட் 3 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் இந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதித்த மிதி முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே போய், பெடல் தரை வரை இறங்கும். ஊருக்குள் நாள் முழுக்க ஓட்டினாலும் இந்தக் கோளாறு தலைகாட்டாது. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். செலவு ஒரு சீட் கவர் விலையில் சிறு பங்குகூட இராது, ஆனாலும் வண்டி வாங்கியவுடன் முதலில் நடப்பது சீட் கவர் மாற்றுவதுதான்.

கூலண்ட் விஷயத்தில் நம் ஊரில் ஒரு வாதம் உண்டு: இங்கே பனியா கொட்டுகிறது, தண்ணீர் ஊற்றினால் போதாதா? எத்திலீன் கிளைக்கால் சேர்ப்பதில் உறைநிலை ஒரு பாதிதான். சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது நமக்குத் தேவைப்படாத தகவல். நமக்குத் தேவைப்படுவது அதில் சேர்ந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். என்ஜினுக்குள் அலுமினியம், இரும்பு, சால்டர் என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து நிற்கின்றன. உப்பு கலந்த நீரில் இரு வேறு உலோகங்கள் தொடர்பில் இருந்தால் அது ஒரு மின்கலம். இரண்டில் எளிதில் வினைபுரியும் உலோகம் கரையும். போர்வெல் தண்ணீரில் குளோரைடுக்குக் குறைவில்லை. கால்சியம் வேறு, சூடான இடமாகப் பார்த்து வெள்ளைப் படிவமாக ஒட்டும். மிகச் சூடான இடம் சிலிண்டர் ஹெட்டின் குறுகிய வழிகள். வெப்பம் வெளியேறியாக வேண்டிய இடமும் அதுதான். தடுப்பான்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகின்றன, நிறம் மட்டும் அப்படியே நிற்கும். பச்சையாக இருக்கிறதே என்று நம்ப முடியாது. துருநிறமாக இருந்தால் பேச்சே இல்லை.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பவர்கள் பலர். அதனுள் இருக்கும் ஸ்பிரிங், அமைப்புக்குள் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ அடியில் உள்ள ரப்பர் வாஷர் இறுகினாலோ அழுத்தம் நிற்காது, மலைச்சாலையில், ஏ.சி. ஓட, ஐந்து பேரோடு ஏறும்போது கூலண்ட் கொதித்து வெளியேறும். அதன் பிறகும் அடுத்த டீக்கடை வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட் விட்டு, வண்டி லேத்துக்குப் போகும். மூடியைச் சோதிக்கப் பம்ப் வைத்த சிறு கருவி உண்டு. அது இல்லாத பட்டறையில் புதிய மூடி ஒன்றைப் போட்டுவிடுவதே மலிவு. சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

இந்தச் சில்லறைப் பாகங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான ராபர்ட் லுஸ்ஸரின் பெயரால் ஒரு விதி இருக்கிறது. எல்லாப் பாகமும் வேலை செய்தால்தான் இயந்திரம் வேலை செய்யும் என்றால், அதன் நம்பகம் எல்லாப் பாகங்களின் நம்பகத்தையும் பெருக்கினால் வருவது, சராசரி அல்ல. ஆண்டு முழுக்கத் தாங்க 99 சதவீத வாய்ப்புள்ள பாகங்கள் 100 இருந்தால், மொத்தமும் பழுதில்லாமல் ஓட வாய்ப்பு 37 சதவீதம்தான். இதன் மறுபக்கம் நமக்குச் சாதகமானது. 90 சதவீத நம்பகமுள்ள ஐந்து நலிந்த பாகங்கள் சேர்ந்து நம்பகத்தை 59 சதவீதத்துக்கு இழுக்கின்றன. அந்த ஐந்தையும் மாற்றி 99 ஆக்கினால் அவற்றின் பங்கு 95 ஆகிவிடுகிறது. மற்றதைத் தொடவே வேண்டாம்.

தொடவே வேண்டாம் என்பதற்குத் தனியாகவே சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவில் கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளர் பணிபுரிந்தார். கரு வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவரை, நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் விமானங்களின் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை நடக்கும் வழக்கமான பராமரிப்பை ஒட்டி வரும் எதிர்பாராத பழுதுகளை அவர் வரைபடமாக்கினார். பராமரிப்புக்குப் பின் பழுது குறைந்து, அடுத்த பராமரிப்பு நெருங்க நெருங்கக் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர் எதிர். பராமரிப்பு முடிந்த கையோடு பழுது உச்சத்தில் இருந்தது. பறக்கப் பறக்கக் குறைந்தது. நன்றாக இருந்ததைப் பிரித்துக் கோத்ததில்தான் கோளாறு புகுந்திருந்தது. 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிய அறிக்கை இதை இன்னும் விரித்தது: அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் வயதோடு தெளிவாகத் தேய்வு காட்டியவை 11 சதவீதம்தான். 68 சதவீதப் பாகங்கள் புதிதாகப் பொருத்திய தொடக்கக் காலத்தில்தான் அதிகம் பழுதாயின.

இதை அப்படியே காருக்குப் போட்டுவிடக் கூடாது. தேயும், இறுகும், அரிக்கும் எளிய பாகங்களுக்கு வயது உண்டு என்பதை அந்த அறிக்கையும் ஒப்புக்கொள்கிறது. மேலே சொன்ன ரப்பரும் திரவங்களும் அந்த வகை. ஆனால் புகை இல்லாமல், ஆயில் குறையாமல், சீராக ஓடும் என்ஜினைக் காட்டி, எதற்கும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம் சார் என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸுக்கும் அதே பதில். மாற்ற வேண்டியதையும் ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றாமல், ஒரு வேலை, பிறகு சில நாள் ஓட்டம், பிறகு அடுத்த வேலை என்று போவது என் கட்சி. புதிதாக ஒரு சத்தமோ கசிவோ வந்தால் எந்த வேலையால் வந்தது என்று மெக்கானிக்குக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பிரேக்கும் டைமிங் பெல்ட்டும் மட்டும் காத்திருக்கக் கூடாதவை.

பிரிக்காமலே உள்நிலையை அறிய வழிகள் உண்டு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் கூலண்ட் சிலிண்டருக்குள் வருகிறது. ஆயில் மூடியின் அடியில் இளம்பழுப்புக் களி படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட் போயிற்று என்று பட்டறையில் பயமுறுத்துவார்கள். குறுந்தூரம் ஓடிய வண்டியில் வெறும் ஈரமே அந்தக் களியை உண்டாக்கும். ஆயிலை மாற்றி நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டியும் அது திரும்பி வந்து, கூலண்டும் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும். கொஞ்சம் பிந்தைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனர் மாட்டினால் பிழைக்குறியீடு வரும் என்பது பலருக்குத் தெரியும். விற்பவருக்கும் தெரியும், காட்டுவதற்கு முன்பே அழித்துவிடலாம். அழித்தால் கணினி தன் சுயபரிசோதனைகளின் முடிவுகளையும் சேர்த்து மறந்துவிடும், அவற்றை மறுபடி முடிக்கப் பலவிதமான ஓட்டம் வேண்டும். குறியீடு ஒன்றுமில்லை, ஆனால் பரிசோதனைகள் பெரும்பாலும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஸ்கேனர் போதாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் வண்டல் கோடு தெரியும். சீட் ரயிலின் அடியில் துரு இருக்கும். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். இந்தப் பச்சை இன்று ஒரு லைட், நாளை ஒரு சென்சார் என்று ஆண்டுக்கணக்கில் வேலை வைக்கும்.

2010 கார்க் கையேட்டில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் கலவைக்கு ஏற்ற ரப்பர், உலோகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலை ஒட்டித்தான். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. மைலேஜ் போனால் போகட்டும். பழைய வகை ரப்பர்களில் சிலவற்றை எத்தனால் ஊறவைத்து உப்பச் செய்யும், காய்ந்தபின் அவை சுருங்கி வெடிக்கும்; நீண்ட நாள் நின்ற டாங்கில் ஈரத்தையும் சேர்த்துவைக்கும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெட்ரோல் ஹோஸை மாற்றுவது என்று பழைய அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாததால், கண்ணும் மூக்கும்தான் கருவி. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட்டைத் திறந்து, இன்ஜெக்டர் ரயிலுக்கு வரும் ஹோஸின் கிளாம்ப் அருகே ஈரமோ வாடையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் டாங்க் மேல் உள்ள பம்பின் மூடி தெரியும். அங்கே பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே சரி.